எட்டாம் கட்டத்துக்கு வழி

வீடியோ கேமுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிறவனைப் போல அலுத்துப்போன பிறவி வேறு கிடையாது. ஊரே விளையாடும்போது அவன் மட்டும் விளையாட்டை வேலையாகச் செய்துகொண்டிருப்பான். மிக்சியோடு வரும் தாளையோ, விண்ணப்பப் படிவத்தையோ எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கியவர்களும் என் கூட்டம்தான், அவர்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பி.எஸ்சி. முடித்துச் சும்மா இருந்த என்னை, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் உதியன்குளங்கரையில் டிவி கடை வைத்திருந்த கிறிஸ்துதாஸ் அண்ணன் வேலைக்குப் பிடித்துப் போட்டார். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளை அவர் வாடகைக்கு விடுவார். எட்டுக் கட்டம் கொண்ட ஒரு கோட்டை விளையாட்டுக்கு நான் குறிப்பு எழுத வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருவராவது கடைசிவரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நல்ல தமிழ்

நான்கு பக்கம் நல்ல தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்தேன். முதலில் வாங்கியவர் குன்னத்துகாலில் தையல் கடை நடத்தும் ஜெயந்தி அக்கா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். நான் எல்லை தாண்டிப் போய்த் தமிழ் படித்த பெருமையில் அதை மறந்துவிட்டேன். அக்கா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மக்கா, இது எனக்கு வாயில உண்டு, கண்ணுல இல்ல ஆக்கும்.”

வயர்

அதற்குப் பிறகு நாங்கள் பேசுகிற தமிழையே மலையாள எழுத்தில் எழுதினேன். ஜெயந்தி அக்கா ஒரே வாரத்தில் மூன்றாம் கட்டம் போனார். நெய்யாற்றின்கரையில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் மட்டும் விளையாட்டில் வரும் ஆள் பின்பக்கமாகவே நடந்து அகழியில் விழுகிறான் என்று புகார் சொன்னார். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஆளை நகர்த்தும் ரிமோட்டைத் தலைகீழாக, வயர் தன் வயிற்றுப் பக்கம் வரும்படி பிடித்திருந்தார். நான் சிரிக்கவும் தாளை எடுத்து நீட்டினார்.

“வயர் எங்கோட்டு இருக்கணும்னு இதில எந்த வரியில எழுதியிருக்கு?”

கரண்ட்

இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம். மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கரண்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து தடவை ஏழாம் கட்டம் வரை போனேன், ஐந்து தடவையும் திரை கறுத்தது. கை சோர்ந்து, மனசும் சோர்ந்து, ‘எட்டாம் கட்டமும் ஏழாவது போலத்தான். வாசல் கண்டதும் இடப்பக்கம் போகணும்’ என்று எழுதி முடித்தேன். மனசு உறுத்துகிறது என்று கிறிஸ்துதாஸ் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையே நிமிரவில்லை.

“போட்டும்லே. எட்டாம் கட்டம் வரைக்கும் போற ஆளு இங்க ஆரு உண்டு?”

போன ஆள்

ஒருவர் இருந்தார். காரக்கோணம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தங்கராஜ் அண்ணன். பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்து, மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுக்கையில் கிடந்தார். அவர் கையில் என் குறிப்பும் கேம் பெட்டியும் இருந்தன. கட்டுப் பிரிப்பதற்கு நாலு நாள் முன்னால், கம்பு ஊன்றி ஆட்டோவில் கடைக்கே வந்துவிட்டார்.

“இடப்பக்கம் பள்ளம் ஆக்கும் சாறே. ஏழு தடவை விழுந்தாச்சு. திங்கக்கெழமை கட்டுப் பிரிச்சா நான் வெட்டுக்குப் போவணும், பின்ன இதுக்கு ஏது நேரம்? இந்தக் கெடையில நான் முடிச்சதுன்னு ஒண்ணு வேணும்.”

நான் அங்கே போனதே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். “நீரு போவாத எடத்துக்கு எனக்கு எதுக்கு வழி சொன்னீரு?” என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட இருக்கிறேன் என்று சொல்லி அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அன்றைக்குச் சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அதிசயமாகக் கரண்ட் போகவே இல்லை. எட்டாம் கட்டத்து வாசலில் இடமும் இல்லை, வலமும் இல்லை. வந்த வழியே நாலடி பின்னால் போய், கிணற்றுக்குள் குதிக்க வேண்டும். அவர் குதித்தார், கோட்டை திறந்தது. இரண்டு பேரும் சத்தம் போட்டதில் அவர் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். தங்கராஜ் அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் பேனாவைக் காட்டினார்.

“எழுதும் சாறே. நான் போன வழிய மட்டும் எழுதும்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதிய அந்த அரைப் பக்கம்தான் என் குறிப்பிலேயே தெளிவான பக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். கீழே என் பெயர் இருந்ததால் அந்தப் பாராட்டை நானும் மறுக்கவில்லை.