சேவல் இறகும் மஞ்சள் இறகும்

போன ஞாயிற்றுக்கிழமை, லயத்து வீட்டு வரிசைகளில் குடியிருக்கும் ஜனங்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, முனியாண்டி சாமி முன்னால் நின்று ஒரு சேவலுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது புதுச் செய்தி. எங்கள் துரை தன் பழைய தூண்டிலை எனக்குக் கொடுத்து, பங்களாவுக்குக் கீழே ஓடும் ஓடையில் ஞாயிறு மட்டும் மீன் பிடிக்கலாம் என்றார். புழுவெல்லாம் கூடாதாம். கொக்கியில் இறகை வைத்துப் பட்டுநூலால் சுற்றிப் பூச்சி மாதிரி செய்ய வேண்டுமாம். மீன் ஏமாந்து கவ்வுமாம்.

சரி, என்ன நிறம்?

அங்கேதான் தொல்லை. காக்கை இறகு கட்டினேன் – மீன் எட்டிப் பார்க்கவில்லை. கிளி இறகு கட்டினேன் – கிட்டே வந்து, முகர்ந்து, திரும்பிப் போய்விட்டது! தூண்டிலோடு துரை கொடுத்த புத்தகத்தில் பார்த்தால் ‘செம்பொன் நிறச் சேவலின் கழுத்து இறகு’ என்று போட்டிருந்தது. எந்த மீனைக் கேட்டு எழுதினார்களோ...

தோட்டத்தில் அந்த நிறத்தில் இருந்தது ஒரே ஒரு சேவல். கொழுந்தெடுக்கும் பேச்சியுடையது. அவள் கொழுந்து மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், நாலைந்து இறகுதானே என்று பிடுங்கிவிட்டேன். சேவல் போட்ட கூச்சலில் அவசரப்பட்டு இழுக்க, நாலைந்து என்பது ஒரு பிடியாகிவிட்டது.

மறுநாள் காலை, பேச்சி அந்தச் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் மருந்துக் காம்பரா வாசலிலேயே வந்து நின்றாள்.

“ஐயா, இதுக்கு என்ன சீக்குன்னு பாருங்க. கழுத்துல எறகு கொட்டிப்போச்சு.”

களவெடுத்தவனிடமே வைத்தியம்! நானும் பெரிய மனுஷன்போல் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். களிம்பு டப்பாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

“எனக்கு ரெண்டு புள்ள தவறிப்போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்லீங்களா? மூணாவது தங்கணும்னு முனியாண்டிக்கு நேந்துவிட்ட சேவலுங்க இது. பழுதுபட்டா சாமி ஏத்துக்காது. சாமிக்கு எம்மேல என்ன கோவமோ... பச்சப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குங்கய்யா.”

அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். எட்டு மாதம். போன மாதம் அதன் காய்ச்சலுக்கு நான்தான் மருந்து கொடுத்தேன். ‘தோல் வியாதி’ என்று ஒரு பொய் சொன்னால் நான் தப்பித்துவிடலாம். இவள்? ராத்தூக்கம் இல்லாமல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

களிம்பைக் கீழே வைத்தேன்.

“பேச்சி... அது சீக்கு இல்ல. நான்தான் புடுங்கினேன்.”

அவள் பார்த்த பார்வை இருக்கிறதே – திட்டியிருந்தால் தேவலை. சேவலை மறுபடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் பூசாரி மாசானத்திடமிருந்து தீர்ப்பு வந்தது. பேச்சி மேல் குற்றமில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் வராது. ஆனால் பிடுங்கிய கை சாமி முன்னால் வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒத்துக்கொள்ள வேண்டும். சேவலுக்கு இறகு முளைக்கட்டும், அடுத்த வருஷத் திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் ஞாயிறன்று, கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் நின்றேன். காதெல்லாம் சுட்டது. சொல்லி முடித்தேன். மாசானம் விடவில்லை.

“எறகு எதுக்குங்கய்யா? சாமிக்குத் தெரியணுமில்ல?”

“மீன்... பிடிக்க.”

முதலில் சிரித்தது யார் தெரியுமா? பேச்சி! இடுப்பிலிருந்த பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

“மீனுக்குச் செவப்பு வேணும்னு யாரு சொன்னா? நாங்க மஞ்ச பூசிக் குளிக்கறப்போ காலச் சுத்தி வந்து மொய்க்குதுங்களே, பாத்ததில்லையா?” என்றவள், தன் வெள்ளைக் கோழி உதிர்த்த இறகு இரண்டைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

மஞ்சள் அரைத்து, இறகைத் தோய்த்து, காயவைத்துக் கட்டினேன். அன்று மத்தியானமே இரண்டு மீன் – என் முழங்கை நீளம்! கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்... சரி, முக்கால் முழங்கை.

பெரியதைப் பேச்சிக்குக் கொண்டுபோனேன். அவள் செதில் உரசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். கலங்கல் தண்ணீரில் மஞ்சள் எப்படி எடுப்பாகத் தெரியும், வெயில் சாயும்போது எப்படி மின்னும், புத்தகம் எழுதியவர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள்... கால்மணி நேரமாவது பேசியிருப்பேன்.

பேச்சி தலைநிமிராமலே சொன்னாள்:

“மீனுக்குப் பசிங்கய்யா. அம்புட்டுத்தான்.”