அறுபதாம் கல்யாணத்தில் ஒரு நீண்ட நமஸ்காரம்

துபாயிலிருந்து அத்தான் அனுப்பிய போட்டோவில் அவருடைய புஜத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்: அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவில் நானும் அப்படித் தெரிய வேண்டும். நாலே நாள்தான் இருந்தது. எடுத்த எடுப்பிலேயே முழு நெல் மூட்டையைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

திருக்கடையூரில் அப்பா அம்மா காலில் விழுந்தேன். எழ முடியவில்லை.

“போதும்டா, எழுந்திரு,” என்றார் அப்பா.

“இன்னும் கொஞ்சம் ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா.”

அம்மா கண்கலங்கினாள். பின்னால் வரிசையில் நின்ற மாமா, “எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பா!” என்றார். வீடியோக்காரர் என்னையே சுற்றிச் சுற்றி எடுத்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

சின்ன எடையில் தொடங்குவது வெட்கமில்லை என்பது தரையில் கிடந்தபோதுதான் புரிந்தது. இப்போது வலி போய்விட்டது. டாக்டர் சொன்னபடி நாளைக்கு இரண்டு கிலோ அரிசிப் பையை, முழங்காலை மடக்கி, பத்தே தடவை தூக்கப்போகிறேன்.