ஆடாத ரீல்

தூண்டில் ரீலைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவர் கைப்பிடியை மெல்லச் சுற்றுகிறார். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு மறுபடி நிதானமாக. கண்கள் மூடியிருக்கின்றன. கடைக்கார அம்மா கல்லாவில் முழங்கையை ஊன்றி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவு எப்போதும் ஒன்றுதான். கண்ணைத் திறந்து, "ஆடுதுக்கா," என்று சொல்லி ரீலைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிடுகிறார்.

தூண்டில் சாமான்கள் விற்கிற கடை அது. தூண்டில் மட்டும் விற்றால் வாடகை கட்ட முடியாது என்பதால் மீன் தொட்டி, குருவிக் கூண்டு, மழை பிடித்துக்கொண்டால் குடை என்று எல்லாம் உண்டு. சுவரோரம் வரிசையாக நிற்கும் தொட்டிகளில் நாள் முழுக்கக் குமிழி விடுகிற சத்தம். அந்த இரைச்சலில் ஒரு ரீலின் வயிற்றுக்குள் நடப்பது எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் சந்தேகம் வரும். அவருக்கு வந்ததில்லை. பெட்டியின் மேல் எத்தனை பேரிங் என்று பெரிதாக அச்சடித்திருப்பதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "வீட்டுல எத்தனை ரூம்னு கேட்டா, மழைக்கு ஒழுகுமா ஒழுகாதான்னு தெரிஞ்சிடுமா?" என்பார்.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுப்பது அவர் தொழில். விடிந்ததும் நீல நிறக் குளிர்ப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் வீடுகளுக்குப் போய்வருவார். மற்ற நேரமெல்லாம் நிலையத்தில், ஜன்னலோரம், கால் உயரமான ஒரு ஸ்டூலில். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களிடம், "எறும்பு ஒண்ணு வருது, கடிக்குது, போயிடுச்சு," என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அவர் எறும்பு மாமா. பிள்ளைகளைப் பெற்றவர்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். வேறு ஆள் ஊசியை எடுத்தால், "எறும்பு வரட்டும், நான் இருந்து குடுத்துட்டுப் போறேன்," என்று உட்கார்ந்துவிடுகிற கிழவர்கள் உண்டு.

ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. முழங்கை மடிப்பைப் பார்த்தால் யாரென்று சொல்லிவிடுவார். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் கைகளை வரிசையாகப் பார்த்து, இது சுலபம், இது படுத்தும், இது ஓடி ஒளியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பயணம் செய்வார். ஒரு விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கையை வைத்த கண் வாங்காமல் பார்த்ததற்கு அவர் மனைவி தொடையில் கிள்ளிய கதையை, அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்று ஏரி. தூண்டிலில் கோக்கிற நைலான் இழைக்கும் நரம்பு என்றுதான் பெயர். நிலையத்தில் வந்து கையை நீட்டுகிறவர்களும் ரத்தக்குழாயை நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். "ஆறு நாள் அந்த நரம்பு, ஏழாம் நாள் இந்த நரம்பு. ரெண்டுலயும் வேலை ஒண்ணுதான். குத்தணும், வலிக்கக் கூடாது," என்பது அவர் வாய்ப்பாடு. மீனுக்கு வலிக்காதா என்று கடைக்கார அம்மா ஒரு தடவை கேட்டார். "வலிக்கும்க்கா. ஆனா அது மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லாது."

சில மாதங்களாக அவருடைய பழைய ரீல் ஆடத் தொடங்கியிருந்தது. இரையைத் தூரத்தில் வீசிவிட்டு, இழையை மெல்லச் சுற்றி இழுக்கும்போது தூண்டில் கம்பின் நுனி தானாகத் தலையசைக்கும். கெண்டை வந்து முகர்ந்து பார்க்கிறது என்று நினைத்து வெட்டி இழுப்பார். வெறும் முள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கலங்குகிறதாம்.

ஒரு மாலை ரீலைப் படுக்கையறைத் தரையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப்போட்டார். பல்சக்கரங்களில் ஒரு தேய்மானம் இல்லை. பேரிங் இரண்டும் புதிது போலச் சுழன்றன. ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டும்போது விரலிலிருந்து நழுவிய ஸ்பிரிங் ஒன்று துள்ளி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மனைவி டார்ச் அடிக்க, அவர் தரையோடு தரையாகப் படுத்துத் துடைப்பத்தால் துழாவினார். பழைய பித்தான் ஒன்றும் காய்ந்த பல்லி ஒன்றும் வந்தன. ஸ்பிரிங் வரவில்லை. அதற்குப் பிறகு இழையைப் பிடிக்கும் கம்பி வளையம் மூடாமல் தொங்கியது. குறையில்லாத ஒரு ரீலைக் குறை தேடிப் பிரித்து, உண்மையிலேயே கெடுத்தாயிற்று. "ரீல் போச்சு," என்று அன்று அவர் சொன்னபோது குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. மனைவி டார்ச்சை அணைத்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரிதான். காலையில் காபியைப் பாதி டம்ளர்தான் ஊற்றித் தருகிறாள். "காபித்தூளுக்கு ரேஷனா?" என்று கேட்டார். "குடிங்க, மீதியத் தரேன்," என்றாள். அவர் குடித்து முடித்ததும் மறுபாதி வருகிறது. மேஜைத் துணியில் இப்போதெல்லாம் கறை விழுவதில்லை. அது ஏன் என்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் நிலையத்துக்கு ஒரு குழந்தை வந்தது. எறும்பு வந்தது, கடித்தது, போகவில்லை. இரண்டாம் முறை குத்தியும் குழாயில் சிவப்பு ஏறவில்லை. மூன்றாவதாக ஊசியைக் கொண்டுபோனபோது தாய் குழந்தையின் கையை எடுத்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த, கூட வேலை செய்யும் பெண் எழுந்துவந்து, அவர் கையிலிருந்து ஊசியை வாங்கி, ஒரே குத்தில் எடுத்து முடித்தாள். "புதுசா வந்த ஊசி எல்லாம் மொட்டை," என்றார் அவர். "ஆமாண்ணே," என்றாள் அவள், அதே பெட்டியிலிருந்து அடுத்த ஊசியைப் பிரித்துக்கொண்டே.

ஊசி மொட்டையாக இருக்க வேண்டும். ரீல் ஆட வேண்டும். இரண்டும் இல்லையென்று ஆகிவிட்டால் ஜன்னலோர ஸ்டூல் போய்விடும். எறும்பு மாமா என்ற பெயரும் அதோடு போகும். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கையில் வேறு தொழில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் கடைக்கு வந்து அலமாரியிலுள்ள ரீல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் என்று எண் போட்ட சின்னது, மூவாயிரம் போட்ட பெரியது, உலோக உடம்பு, பிளாஸ்டிக் உடம்பு. அத்தனையும் ஆடின.

இதில் கடைக்கார அம்மாவுக்கு ஒரு தனி வேலை இருந்தது. தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் வலது கையால் வீசி, இடது கையால் ரீலைச் சுற்றுவார்கள். பெட்டியிலிருந்து வரும்போதே கைப்பிடி இடது பக்கம்தான் இருக்கும். இவர் மட்டும் தலைகீழ். கம்பை இடது கையில் பிடித்து வலது கையால் சுற்றுவார். "நுணுக்கமான வேலையெல்லாம் வலதுக்குத்தான்," என்பார். கைப்பிடியை இடம் மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஒரு பக்கத்து மூடியைத் திருகி எடுத்து, கைப்பிடியை உருவி மறுபக்கம் செருகி, முடுக்கினால் ஆயிற்று. ஆனால் அவர் ஒதுக்கித் தள்ளுகிற ஒவ்வொரு ரீலையும் இப்படி மாற்றி, திரும்பவும் மாற்றி வைக்க வேண்டும். "உன்னால என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு தம்பி. அதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் குடு," என்பார்.

இந்தச் சனிக்கிழமை அந்த அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டிய நாள். வெறும் வயிற்றில், கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். எறும்பு மாமா உள்ளே வந்து நீலப் பெட்டியை மேஜையடியில் வைத்ததும், கண் நேரே அலமாரிக்குப் போனது.

"முதல்ல என் ரத்தத்த எடு. பச்சைத் தண்ணிகூட பல்லுல படல."

"ஒரே ஒரு ரீல்க்கா. புதுசா ஏதோ வந்திருக்கே."

பசியில் இருந்த அந்த அம்மாவுக்குக் கைப்பிடியை மாற்றப் பொறுமையில்லை. பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்தது இருந்தபடி அவர் கையில் திணித்தார். அவர் வலது கையால் ரீலின் கழுத்தைப் பிடித்துக் காதோடு வைத்து, இடது கையால் சுற்றினார். கண்ணை மூடினார். நிதானமாக, வேகமாக, மறுபடி நிதானமாக. கண்ணைத் திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இதுக்கா. இதுதான். தண்ணிக்குள்ள கை விட்ட மாதிரி இருக்கு. ஆடவே இல்ல."

அந்த அம்மாவுக்கும் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வழியாக விற்றாயிற்று. அந்த வேகத்தில், பழக்க தோஷத்தில், ரீலை வாங்கி மூடியைத் திருகினார். கைப்பிடியை உருவினார். அவருக்குப் பிடித்த வலது பக்கத்தில் செருகி, முடுக்கி, "இந்தா," என்று நீட்டினார்.

அவர் சுற்றினார்.

தொட்டிகளில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. பாதிச் சுற்றில் கை நின்றது. காதிலிருந்து ரீலை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இன்னொரு முறை சுற்றினார். இந்தத் தடவை கண்களை மூடவில்லை. பார்த்தது ரீலை அல்ல, கைப்பிடியைப் பிடித்திருந்த தன் கையை.

கடைக்கார அம்மாவுக்கு விஷயம் எப்போதோ தெரியும். அவர் தள்ளிவிட்டுப் போகிற ரீல்களைத் திரும்பப் பெட்டியில் வைக்குமுன் தானும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பவர்தான் அந்த அம்மா. ஒன்றுகூட ஆடியதில்லை. தெரிந்தும் வாரா வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது தானே அதை மேஜைமேல் எடுத்துப் போட்டுவிட்டோம் என்று பதறிப்போய், "நான்தான் சரியா முடுக்கல போல. பசியில கை ஓடல. குடு, திரும்ப மாட்டித் தரேன்," என்று கையை நீட்டினார்.

"முன்னாடி இருந்த மாதிரியே மாட்டிடுங்க."

"இடது பக்கமா?"

"ஆமாக்கா. இடது பக்கமே இருக்கட்டும்."

கைப்பிடியை மாற்றி, ரீலைப் பெட்டியில் போட்டுப் பையில் வைத்ததும் அந்த அம்மா, நடந்தது ஒன்றுமே இல்லை என்பதுபோல, குளிருக்குப் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டி, மெலிந்த கையைக் கண்ணாடி மேஜைமேல் நீட்டினார். வழக்கம்போல முகத்தையும் திருப்பிக்கொண்டார். "சீக்கிரம் எடு. எடுத்துட்டின்னா நான் போய் ஒரு வாய் சாப்பிடுவேன்."

நீலப் பெட்டியைத் திறந்தார். ரப்பர் பட்டையை எடுத்து அந்த அம்மாவின் புஜத்தில் சுற்றி இறுக்கினார். முழங்கை மடிப்பில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரல் அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"என்ன தம்பி, நரம்பு கிடைக்கலையா?"

"கிடைச்சிருச்சுக்கா," என்று சொல்லி, ஊசியைத் தொடாமலே பட்டையை அவிழ்த்தார். சுருட்டியிருந்த சட்டைக் கையைப் பிரித்து, இடது கையால், மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார்.