இடவல மாற்றம்

பொறாமை வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். போன வருஷம் ஜனவரி முதல் நாள், செஞ்சியில் ஒரு டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த தினக் காலண்டரைப் பார்த்தபோது இரண்டு காதும் கொதித்தன. ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவர் ஒருவர் வருஷா வருஷம் எல்லாருக்கும் கொடுக்கும் காலண்டர் அது. வழக்கமாக அட்டையில் லட்சுமியோ பிள்ளையாரோ இருப்பார்கள். அந்த வருஷம் எங்கள் கோட்டை மலைகள் இருந்தன. செம்மஞ்சள் வானத்துக்கு முன்னால் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கன்னங்கரேலென்று நின்றன. ஓரத்தில் பொடி எழுத்தில் படம் எடுத்தவர் பெயர். என் நண்பனின் பெயர்.

நண்பன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கருகிப்போன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து, செப்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓட வைப்பது அவன் தொழில். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எங்கள் வீட்டு மோட்டாரைக் கொடுக்கப் போனபோது அவன் மேசையில் ஒரு கேமரா கிடந்தது. அதில் ஆரம்பித்த பழக்கம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் ஒரே வண்டியில் தளவானூர் குடைவரைக் கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் போகிற அளவுக்கு வளர்ந்தது. அவன் கேமரா ஏதோ கல்யாண போட்டோகிராபர் கழித்துப் போட்டது. அதில் ஒரு பட்டன் வேலை செய்யாது, தீக்குச்சியால்தான் அழுத்துவான். என்னுடையது புத்தம் புதுசு.

கேமரா என்னுடையது ஒசத்தி. படிப்பும் எனக்குத்தான் அதிகம். ஒளியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனும் நான்தான். காலண்டரில் மட்டும் அவன். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். “சூப்பர்ப்பா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தேன்.

“எந்த சாஃப்ட்வேர்ல பண்ண?”

“சாஃப்ட்வேரா? ஃபோன்ல ஃப்ரீயா வருது இல்ல சார், அதுலதான். படம் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு, நேராக்கனேன். அவ்ளோதான்.”

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் இடக்கைப் பக்கம் ராஜகிரி, வலக்கைப் பக்கம் கிருஷ்ணகிரி. செஞ்சியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். காலண்டரில் ராஜகிரி வலப்பக்கம் இருந்தது. இடது மேல்மூலையில், காலி வானத்தில், ஆலைக்காரரின் கடைப் பெயரும் அவர் சிரிக்கிற படமும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அவருக்காகப் பெரிய மலையான ராஜகிரியை வலப்பக்கம் தள்ள, படத்தையே கம்ப்யூட்டரில் கண்ணாடி மாதிரித் திருப்பியிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆக, கையில் நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது. என்னிடம் மறைக்கிறான். கள்ளன்.

அடுத்த வருஷக் காலண்டர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கு முதலில் எனக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற ஒன்று.

“எடுக்கறதுக்கு ஒண்ணு, எடுத்ததைச் சரி பண்றதுக்கு ஒண்ணா?” என்றாள் என் மனைவி. “ஒழுங்கா எடுத்தா ரெண்டாவது எதுக்கு?”

அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எல்லாரும் புகழ்கிற பெரிய சாஃப்ட்வேர் மாச வாடகைக்குத்தான் கிடைத்தது. வாடகை கட்டுவதை நிறுத்தினால் நான் திருத்திய படத்தை நானே தொட முடியாதாம். என் வீட்டுக்குள் போக நானே டிக்கெட் எடுப்பதா? ஆனாலும் ஏழு நாள் இலவசம் என்றார்கள். என் ஈமெயிலில் ஏழு நாள், மனைவியின் ஈமெயிலில் ஏழு நாள், பிறகு மாமியார் பெயரில் புதிதாக ஓர் ஈமெயில் உருவாக்கி அதில் ஏழு நாள். கைபேசியில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தவிர எதுவும் தெரியாத என் மாமியாரை, கலைப் பயணத்தைத் தொடரச் சொல்லி அந்தக் கம்பெனிக்காரர்கள் இன்றைக்கும் ஈமெயிலில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரே தடவை காசு கொடுத்தால் ஆயுசுக்கும் நம்முடையது. பிடித்திருந்தது. என் பழைய லேப்டாப்புக்குத்தான் பிடிக்கவில்லை. திறந்ததும் உள்ளே இருக்கிற விசிறி, நாங்கள் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷின் போலச் சத்தம் போட்டு, கொஞ்ச நேரத்தில் திரை உறைந்துபோகும். முழுக்க முழுக்க இலவசமான ஒன்றும் இருந்தது. அதில் இல்லாத வசதியே இல்லை, எது எங்கே இருக்கிறது என்பதுதான் பரம ரகசியம். ஒரு படத்தை ஓரம் வெட்டுவதற்கு முக்கால் மணி நேரம் வீடியோ பார்த்தேன். நண்பன் சொன்ன ஃபோன் செயலியை மட்டும் நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது மட்டம் என்று நினைத்ததால் இல்லை, அவன் சொன்னதால்.

கடைசியில் நடுத்தரமான ஒன்றைப் பிடித்தேன். அதுவும் மாச வாடகைதான், ஆனால் குறைந்த வாடகை. என் லேப்டாப் முனகிக்கொண்டே தாங்கியது. நிழலைத் தூக்கலாம், புகைமூட்டத்தைக் கழுவலாம், வானத்தை வேண்டிய மட்டும் சிவப்பாக்கலாம். இடவலம் திருப்ப ஒரே ஒரு பட்டன்.

புரட்டாசியில், ஊருக்குக் கிழக்கே ஒரு வயலில் அவன் மோட்டார் பார்க்கப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், சிங்கவரத்திலிருந்து கூலிக்கு வந்திருந்த ஓர் அக்கா தலையில் கொடிக்கட்டோடு வரப்பில் வந்தார். எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எடுத்துக்கோ சார். காலண்டர்ல போடுவியா?” என்று சிரித்தார்.

நல்ல படம், என் வாயால் சொல்லக்கூடாது. இடப்பக்கம் ராஜகிரி மட்டும் ஆலைக்காரரின் பெயர் வரவேண்டிய இடத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினேன். மலை மரியாதையாக வலப்பக்கம் போனது. அவன் செய்தால் நான் செய்யக்கூடாதா?

ஆலைக்காரர் எங்கள் இருவர் படத்தையும் வாங்கிப் பார்த்தார். “போன வருஷம் மாதிரியே மலை அந்தப் பக்கம் இருக்குது, என் பேரு கரெக்டா உக்காருது” என்று என்னுடையதை எடுத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்பன் போன் செய்து, “சார், உங்க படம்தானாமே!” என்று குதித்தான். தோற்றவன் இப்படிக் குதித்தால் ஜெயித்தவனுக்கு என்ன மரியாதை?

டிசம்பர் கடைசியில் காலண்டர் கைக்கு வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குத்தான் போனேன். அவன் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. அவன் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“கலர் அள்ளுது சார்” என்றான். சுவரிலிருந்து தன்னுடைய காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே என்னுடையதை மாட்டினான். டீ சொன்னான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் காது இரண்டும் குளிர்ந்திருந்தன.

டீ வருவதற்குள் அந்த அக்கா வந்தார். வயல்காரர் மோட்டார் ரெடியா என்று கேட்டுவர அனுப்பியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“பாருங்க, சொன்ன மாதிரியே காலண்டர்ல போட்டுட்டேன்” என்றேன்.

கிட்டே போய்ப் பார்த்தார். “இது நானா? இன்னா சார், எந்தப் பொம்பளையாவது வலது தோள்ல மாராப்பு போடுவாளா? எனக்குப் பொடவை கட்டத் தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டியே!” இன்னும் கிட்டே போனார். “மலையும்ல இடம் மாறிக் கெடக்குது.”

இடவல மாற்றம். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் உன் வலது கை இடது கையாகத் தெரியும், அதற்குப் பெயர் இடவல மாற்றம் என்று வருஷா வருஷம் வகுப்பு முழுவதையும் கோரஸாகச் சொல்ல வைக்கிறவன் நான்.

“யக்கா, கண்ணாடில பாக்கற மாதிரி சார் வேணும்னேதான் போட்டிருக்காரு. சிட்டில இப்போ இதான் ஃபேஷன்” என்றான் நண்பன்.

“இன்னா ஃபேஷனோ” என்று அவர் மாராப்பை இடது தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

“நீ முன்னாடியே பாத்துட்டியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன் சார்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“மொத்தமும் அச்சடிச்சி வந்தாச்சு, சொல்லி இன்னா ஆவப்போவுது? சந்தோஷமா வந்தீங்க.”

அந்தச் சந்தோஷம் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. “நீ மட்டும் போன வருஷம் திருப்பலையா?”

“எதை சார்?”

“மலையை!”

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “திருப்பல சார். திருவண்ணாமலை ரோட்டுல கோட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போயி, ஊரைப் பாக்கத் திரும்பி நின்னேன். அங்கேர்ந்து பாத்தா மலை தானா மாறிடும். ஆலைக்காரரு எடது பக்கம் காலியா வேணும்னாரு, அதான் விடியகாலைல போனேன்.”

கீழே கிடந்த அவன் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நான் ஒரு வருஷமாக அஸ்தமனம் என்று நினைத்து வயிறெரிந்தது உதயம். மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் எதையும் மறைக்கவில்லை. ஃபோனில் ஃப்ரீயாக வருவது, நேராக்கினேன், அவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது. படத்தின் மீது இல்லை. தப்பைப் பார்த்த பிறகும் தன் ஆணியில் அதை மாட்டிய அந்த மனசின் மீது.

“இந்த ஞாயித்துக்கெழமை அந்தப் பக்கம் போலாமா சார்? உங்களுக்கு எடம் காட்டறேன்.”

“பாக்கலாம்” என்று எழுந்துவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அந்த மாச வாடகையை நிறுத்தினேன். அது சும்மா விடவில்லை, ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டது. வசதிகள் போதவில்லை, பயன்படுத்தக் கடினம், இதைவிட நல்லது கிடைத்துவிட்டது, விலை அதிகம் என்று நான்கு கட்டங்கள். மாசத்துக்கு ஒரு பிளேட் பிரியாணிக் காசுதான் வாடகை. நான் ‘விலை அதிகம்’ என்பதைத்தான் அழுத்தினேன்.