மூன்று குடுவைக் கடல்

கடலையே பார்க்காத தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் பிறந்து கடல்பாசி படிக்கப் போனவள் நான். "பாசியப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம தண்ணி புடிக்கிற பீலியிலயே வழுக்குதே" என்று அம்மா கேலி செய்வாள்.

நான் படித்தது கண்ணுக்குத் தெரியாத பாசி. கிழக்குக் கரையில் கடல்நீர் தேங்கும் களப்பு ஒன்றில் அள்ளிய தண்ணீரில் அது ஒற்றைச் செல்லாக மிதந்தது. ஓட்டின் ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள். அதன் சொந்தபந்தங்களுக்கெல்லாம் ஒரே வரிசைதான். இரண்டு வருடம் புத்தகம் புத்தகமாக ஒப்பிட்டுப் பார்த்து, இதுவரை யாரும் பெயர் வைக்காத உயிர் என்று முடிவுக்கு வந்தேன். பெயரும் யோசித்துவிட்டேன்: எங்கள் தோட்டத்தின் பெயர். கடல் உயிருக்கு மலைத் தோட்டத்துப் பெயரா என்று என் பேராசிரியர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. ஆய்வுகூடத்தில் ஏசி நின்றதும் குடுவைகளில் வளர்ந்த பாசி ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தது. மிஞ்சியது மூன்று குடுவை. எங்கள் ஊர்க் குளிருக்கு ஏசி எதற்கு என்று, பஸ்ஸில் மடியில் வைத்து டயகமவுக்குக் கொண்டுவந்தேன். காம்பராவின் ஒரே ஜன்னலில் அவை இருந்தன. கொழுந்தெடுக்கப் போகுமுன் அம்மா நான் சொன்னபடி அவற்றை மெல்ல ஆட்டிவிட்டுப் போவாள்.

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்ப அட்டன் டவுனுக்குப் போனேன். அனுப்பிய சந்தோஷத்தில் கேக் வாங்கிக்கொண்டு திரும்பினால் லயத்தில் தப்பு அடிக்கும் சத்தம். பக்கத்துக் காம்பராக்காரர் இறந்துபோயிருந்தார்.

சாவு விழுந்தால், ஒட்டிய காம்பராக்களில் பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது எங்கள் லயத்து வழக்கம். குடமும் வாளியும் வாசலில் கவிழ்ந்திருந்தன. அதே வரிசையில், கழுவித் துடைத்த மூன்று குடுவைகள்.

"தீட்டுத் தண்ணிய எப்பிடிம்மா வச்சிருக்கிறது? கடல்ல தண்ணிக்கா பஞ்சம்? போயி அள்ளிக்கிட்டு வா" என்றாள் அம்மா.

சாவு வீடென்றும் பார்க்காமல் கத்தினேன். அதுக்குள்ள உசுரு இருந்துச்சு, படிக்காத சனியனே என்று திட்டினேன். அழ வந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தப்பு என்னுடையது. ஆட்டச் சொன்னேனே தவிர, உள்ளே உயிர் இருக்கிறது என்று அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதத்தில் ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. மரபணுவைப் பார்க்க வேண்டும், அதற்கு உயிருள்ள மாதிரி வேண்டும் என்றார்கள். நான்கு முறை களப்புக்குப் போனேன். அந்த இடத்தில் இறால் பண்ணை வந்திருந்தது. அள்ளிய தண்ணீரிலெல்லாம் ஒரு வரிசைப் பாசிதான். பிறகு விட்டுவிட்டேன். இப்போது ராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

போன மாதம் எங்கள் காம்பராவுக்கு மறுபக்கத்துக் காம்பராவில் சாவு. செய்தி கேட்டுப் போனேன். ஒட்டிய மற்றக் காம்பராக்களில் பாத்திரங்கள் கவிழ்ந்திருக்க, எங்கள் குடமும் வாளியும் மட்டும் நிரம்பி, மூடி போட்டு நின்றன. அக்கம்பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏம்மா கொட்டல?"

"எதுல உசுரு இருக்குன்னு எனக்கென்னம்மா தெரியும்?"

வெறும் பீலித் தண்ணீர். ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் நானே கழிவுநீர்க் கானில் கொட்டினேன்.