டவர் எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் செல்போன் டவர் முளைத்ததும் எங்களுக்கு வீரம் பொங்கியது. கதிர்வீச்சைக் கண்டித்து வாட்ஸப்பில் ஓயாமல் போராடினோம். அந்தக் கண்டனமெல்லாம் எந்த டவர் வழியாகப் போகிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. சங்கச் செயலாளர் நான்; நானும்தான்.

மூன்றாம் மாடி மாமிக்கு மட்டும் நிஜமான கவலை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், அவள் படுக்கும் அறை டவரைப் பார்த்திருந்தது. மாமி ஜன்னலைச் சாத்தி, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கண்ணாடி முழுக்க ஒட்டிவிட்டார். யோசனை என்னுடையது. பிள்ளைத்தாச்சிக்கு ஏசி ஆகாது என்பது மாமியின் சட்டம். சித்திரை வெயிலில் அந்தப் பெண் உள்ளே வெந்தாள்.

"மாமா, யாரையாவது அளந்து சொல்லச் சொல்லுங்கோ. எனக்குக் காத்து வேணும்."

தொலைத்தொடர்புத் துறைக்கு மனுப் போட்டேன். இரண்டு அதிகாரிகள் கருவியோடு வந்தார்கள். கருவிக்கு டவர் மட்டும் தெரியட்டும் என்று, எல்லோரும் போனை அணைக்கும்படி முன்பே உத்தரவு போட்டிருந்தேன். கச்சேரியில்கூட அணைக்காத ஜனம் அன்று அணைத்தது. எதிர்க் கட்டடத்தாரையும் கெஞ்சி அணைக்க வைத்தேன்.

"என்ன சார், தெருவே செத்துக் கெடக்கு?" என்றார் அதிகாரிகளில் மூத்தவர், கருவியைப் பார்த்தபடி.

பெருமையோடு விளக்கினேன்.

"நீங்க பேசினாத்தானே சார் டவருக்கு வேலை? எல்லாரையும் பேசச் சொல்லுங்க."

பக்கத்துப் பக்கத்துப் பால்கனியில் நின்றுகொண்டு, "சாப்ட்டாச்சா?" என்று போனில் விசாரித்துக்கொண்டார்கள். கருவியில் எண் கொஞ்சம் ஏறியது. அரசு வரம்புக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. சங்கத்தார் முகத்தில் இழவு வீட்டுக் களை. "வரம்பு போட்டவனே சரியில்லை" என்றார் ஒருவர், காதிலிருந்து போனை எடுக்காமல்.

மாமி மூத்த அதிகாரியை மகளின் அறைக்கு அழைத்துப் போனார். அவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்.

"இதை ஒட்டினா உள்ள இருக்கிற போன்தாம்மா சிக்னல் தேடி இன்னும் பலமா வேலை செய்யும். அது உங்க பொண்ணு காதுலதானே இருக்கு?"

மாமி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்த வரம்பு வயத்துல இருக்கறதுக்கும் சேர்த்துத்தானா?" என்று அதிகாரியைக் கேட்டார் மாமி.

"எல்லாருக்கும் சேர்த்துத்தாம்மா."

மாமி மகளின் வியர்த்த கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலை விரியத் திறந்தார்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை, தேங்காய் எண்ணெயும் கத்தியுமாக மதியம் முழுக்க நான்தான் சுரண்டினேன். அந்தப் பெண் காலை நீட்டிக் காற்று வாங்கியபடி மேற்பார்வை பார்த்தாள்.

"அந்த மூலை விட்டுப்போச்சு, மாமா."