வெயிலில் வளைந்த அட்டைகள்

வஜ்ஜிர வாசம் தெரியுமா உங்களுக்கு? பழைய தோலும் அதை ஒட்டும் வஜ்ஜிரப் பசையும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசம்... கல்யாணமாகி அஸ்தம்பட்டி வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று முதலில் வந்தது அதுதான்.

என் வீட்டுக்காரர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் லத்தீன் பூசைப் பாட்டு பாடுவார். அந்தக் காலப் பாட்டுப் புத்தகம் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். நாலைந்து பேர் சுற்றி நின்று ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். தாளெல்லாம் பூச்சி அரித்துப் போனால் கோவில் உபதேசியார் அதை எரித்துச் சாம்பலைப் புதைத்துவிடுவார். மேல் அட்டையை மட்டும் இவர் கேட்டு வாங்கி வந்துவிடுவார். மரப்பலகையில் இழுத்து ஒட்டிய தோல், மூலைக்கு மூலை பித்தளை...

"இதுல எத்தன பேரு கட்டவெரலு பட்டிருக்கு பாரு தெரேசு" என்று ஓரத்தில் கறுத்திருக்கும் இடத்தைக் காட்டுவார்.

எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. பள்ளிக்கூடம் போகாதவள் நான். பாட்டுத்தாளை வைத்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். மாதச் செலவு எழுதும்போது அந்த அட்டைகளுக்குப் போடும் பூச்சி உருண்டையை வீட்டுச் செலவில் சேர்க்காமல் தனியாக எழுதுவேன். அவ்வளவுதான் என் கோபம்.

யுத்த காலம். செசிலி பிறந்து பல் முளைத்திருந்த சமயம். ஊருக்குள் பிளேக் என்று பேச்சு வந்தது. எலி செத்து விழுந்தால் முனிசிபாலிட்டிக்குச் சொல்ல வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஒரு நாள் காலை. அவர் எருமப்பட்டிப் பக்கம் ஒரு அட்டை இருக்கிறது என்று போயிருந்தார். அடுப்படியில் இருந்தேன். விட்டத்திலிருந்து ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம்... போய்ப் பார்த்தால் அவர் அட்டைகளை அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டிக்குப் பக்கத்தில் செத்த எலி. வாய் ஓரத்தில் ரத்தம்.

பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த பாவாயி அக்கா எட்டிப் பார்த்தார்.

"தொட்டறாத சாமி! சீமெண்ணெய ஊத்தி அங்கயே கொளுத்து."

கொளுத்தினேன். ஊற்றியதில் பாதி எண்ணெய் என் சேலையில்.

"உங்கூட்டுக்காரரு சேத்து வெச்ச தோலுக்குத்தான் எலி வருது. வேறென்ன, வேதப்பாட்டு கேக்கவா வருது?" என்றார் அக்கா. சிரிப்பு வரவில்லை எனக்கு. வஜ்ஜிரத்தைக் கொறிக்க வந்த எலி... அந்தப் பெட்டிக்குள் நோவைக் கொண்டுவரும் தெள்ளுப்பூச்சி எத்தனையை விட்டுவிட்டுப் போயிருக்கும்?

மத்தியானம் அவர் வந்தார். வீட்டைக் காலி செய்தவர்கள் தங்க, ஏற்காடு ரோட்டோரம் காட்டில் முனிசிபாலிட்டியார் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். வண்டியில் பாய், பானை, அதோடு பெட்டியும் ஏறியது.

"ஏனுங்க, அது வேண்டாமுங்க. இல்லீன்னா வெயில்லயாச்சும் பரத்தி எடுத்துட்டு வரலாமுங்க. சாமானெல்லாம் வெயில் காட்டச் சொல்றாங்கல்ல?"

"வெயில்ல வெச்சா தோலு முறுக்கிக்கும் தெரேசு. நெழல்லயே ஒரு ஓரமா கெடக்கட்டும்."

கோவில் பொருளாச்சே என்று எனக்கும் வாய் அடைத்துவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்து எட்டி இருக்கட்டும் என்று வழியெல்லாம் செசிலியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகையில் எல்லோருக்கும் பிளேக் தடுப்பு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை பிள்ளை உடம்பு அனலாய்க் கொதித்தது. பால் குடிக்கவில்லை. அக்குளில் கை வைத்தேன்... நெறி கட்டியிருந்தது. புளியங்கொட்டை அளவு.

டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். "ஊசி போட்ட கையா?"

"ஆமாங்க."

"ஊசியாலயும் நெறி கட்டும்மா. அந்த நோவாலயும் கட்டும். நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

நாளைக்கு!

என் வீட்டுக்காரர் எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெட்டியை வெட்டவெளிக்கு இழுத்தார். உச்சி வெயில், கால் வைக்க முடியாத மண். ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் தோல் மேலே பார்க்கப் பரப்பினார்.

"என்னுங்க, அப்பளமா காயப் போடறீங்க?" என்று கேட்டபடி வந்த பாவாயி அக்கா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, தோலை நக்க வந்த ஆடுகளை விரட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

நான் கொட்டகைக்குள். மடியில் பிள்ளை. வெளியே வெயிலில் தோல் சுருங்கி இழுக்க, பலகை வளைந்து தெறிக்கும் சத்தம்... படக்... படக்...

ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு படக்குக்கும் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை மூச்சு படவில்லை. என் விரல்தான் மரத்துப் போயிருந்தது.

மறுநாள் விடியற்காலை செசிலிக்குக் குப்பென்று வேர்த்தது. பிறகு பால் குடித்தாள். டாக்டர் ஊசிக் காய்ச்சல்தான் என்றார். எனக்கு நிச்சயமில்லை. இன்றுவரை இல்லை.

முனிசிபாலிட்டியார் கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விட்ட வீட்டுக்குப் பல வாரம் கழித்துத் திரும்பினோம். அட்டைகள் ஒன்றுகூட நேராக இல்லை. தண்ணீர் ஏந்தின உள்ளங்கை மாதிரி வளைந்துவிட்டன. அவர் அதற்கு அப்புறம் ஒன்றும் சேர்க்கவில்லை. எருமப்பட்டி அட்டை கிடைத்ததா என்று நானும் கேட்கவில்லை.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அட்டைகள் என் பீரோவில் இருக்கின்றன. சென்னையில் இதை நேராக்கித் தருகிறார்களாம், பேரன் சொல்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது காய்ச்சல் என்றால் இந்த டச் போனிலேயே டாக்டரிடம் பேசிவிடுகிறார்கள். மாத்திரை வாசலுக்கு வருகிறது. நல்லதுதான்... ஆனாலும் வீட்டில் யாராவது காய்ச்சல் என்றால் என் கை முதலில் அக்குளைத்தான் தேடும்.

போன வாரம் செசிலிக்குச் சளிக் காய்ச்சல். எழுபது தாண்டியவள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு போய் அவள் ரவிக்கைக்குள் கைவிட்டுத் தடவினேன்.

"அய்யோ அம்மா, கூசுது!" என்று சிரித்தாள்.

நான் கையை எடுக்கவில்லை. இன்னொரு அக்குளையும் பார்த்த பிறகுதான் எடுத்தேன்.